ஏங்க என்றதும் பறந்து வந்த பூச்சிகள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, தவளைகள் ராஜாவுக்குக்கூட வழிவிடாத காலத்திலே, ஒரு பெரிய சதுப்பு நிலம் இருந்தது. கால் வைத்தால் சளக், எடுத்தால் புளக்! அங்கே கோரை அறுக்கப் போன ஆம்பளைகள் ஒருத்தரும் திரும்பவில்லை.

ஒருநாள் நாச்சியின் புருஷன் வைரவனும் திரும்பவில்லை. நாச்சி சும்மா இருப்பாளா? சேலையை வரிந்து கட்டினாள். சளக் புளக், சளக் புளக் என்று சேற்றில் இறங்கினாள்.

நடுச் சேற்றில் சம்புக்காடன் என்ற மந்திரவாதி உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி, தாமரை இலையெல்லாம் பூச்சிகள்! நகக்கண் அளவு, வெள்ளைச் சிறகு, அதிலே பழுப்பு நெளிகோடு.

"என் வீட்டுக்காரர் எங்கேடா?"

"என் கோரையில் கை வைத்தவனெல்லாம் பூச்சிதான். இதிலே உன் ஆள் எவன்? மூணு தரம் சொல்லிப் பார்க்கலாம். தவறினால் நீயும் பூச்சி!"

நாச்சி உற்றுப் பார்த்தாள். ஒரு பூச்சிக்கு மூக்கோரம் மச்சம். "இவர்தான்!"

"இல்லை!"

இன்னொன்று இலையில் கவிழ்ந்து தூங்கியது. "சந்தேகமே இல்லை, இவர்தான்!"

"அது வேறொருத்தியின் சோம்பேறி! ஹா ஹா!" சம்புக்காடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கடைசித் தரம் கூப்பிட்டே பாரேன். உன் குரலுக்கு வந்து உன்மேல் உட்காருவது மனுஷனாகிவிடும். என் மந்திரத்தின் மேல் சத்தியம்!"

ஏன் இவ்வளவு தைரியம் தெரியுமா? பூச்சியானதுமே அவரவர் பேர் அவரவருக்கு மறந்துபோகும். அந்தத் திருட்டை அவன் சொல்லவேயில்லை.

நாச்சி முந்தானையை இழுத்துச் செருகினாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதே இல்லை. இன்றைக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். கண்ணை மூடினாள். பேர் நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தாள். பழக்கம் விட்டதா?

"ஏங்க!"

ஐயையோ, கெட்டது குடி என்று நினைத்தாள்.

அவ்வளவுதான்! தாமரை இலை அதிர்ந்தது, கோரை அதிர்ந்தது. பேர் மறந்தாலும் அந்தக் குரல் மறக்குமா? அத்தனை பேரும் யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர்தானே! படபடவென்று பறந்துவந்து தலையில், தோளில், முந்தானையில் அப்பிக்கொண்டார்கள்.

"ஒருத்தன்தான்! ஒருத்தன்தான்!" என்று குதித்தான் சம்புக்காடன்.

"எண்ணிக்கை சொன்னியா நீ?"

பட்! பட்! பட்! சேறு நிறைய மனுஷர்கள். அத்தனை பேரையும் மனுஷராக்கியதில் அவன் மந்திரம் மிச்சமில்லாமல் தீர்ந்தது. சம்புக்காடன் சுருங்கினான், சுருங்கினான், ஒரு குட்டிப் பூச்சியானான்.

வைரவன் முகத்துச் சேற்றை வழித்துக்கொண்டு கேட்டான். "ஏம்மா, என் ஒருத்தனைக் கூப்பிட இத்தனை பேரா?"

"சோம்பேறிகளை அடையாளம் தெரியலைங்க. அதான் மொத்தமா அள்ளிட்டேன்!"

அன்றிலிருந்து கோரை எல்லாருக்கும் பொது. வீட்டுக்கு வீடு புதுப்பாய்.

இன்றும் அந்தக் கரையில் எவளாவது "ஏங்க!" என்றால், கோரைக்குள்ளிருந்து அந்தக் குட்டி வெள்ளைப் பூச்சி ஆசையாக எட்டிப்பார்க்கும். பாவம், கூப்பிட்டது உன்னை இல்லையென்று யாராவது அதனிடம் சொல்லுங்களேன்!