கெவுளி சொன்னால் தரையைத் தட்டுவது ஏன்?

மலைகளுக்கே இன்னும் எலும்பு முற்றாத அந்தக் காலத்தில், எல்லா உயிரும் பேசும். பேச்சோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலும் இருந்தது. ஆற்றைப் பார்த்துக்கொள்வது நாரையின் பொறுப்பு. தண்ணீர் தன் காலை எதுவரை நனைக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடும். மழையை எறும்பு பார்த்துக்கொண்டது. மலையைப் பார்த்துக்கொண்டது கெவுளி. கெவுளி என்றால் யாரோ எவரோ இல்லை, நம் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தப் பல்லிதான். அப்போது அதற்கு வீடும் கிடையாது, விளக்கும் கிடையாது. கூனிமலையின் செங்குத்துப் பாறையிலேதான் பிறப்பும் பிழைப்பும்.

கூனிமலையின் உச்சிக்குக் கீழே பாறையில் நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது. அதற்கு நேர் கீழே மூங்கிலடி என்கிற ஊர். விடிந்ததும் கெவுளி அந்த வெடிப்புக்குப் போகும். வயிற்றைப் பாறையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு வாலை வெடிப்புக்குள்ளே விடும். வால் இறுக்கமாக உட்கார்ந்தால் மலை சுகம். வால் ஆடினால் மலை விலகுகிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டு இறங்கி வந்து ஊருக்குச் சொல்லும்.

"இந்த வருசம் ஊத்து சீக்கிரம் வத்திப்போகும், இப்பவே தண்ணியப் பிடிச்சு வைங்க" என்று சொல்லும். "வடக்கால சரிவுல ஆட்டைக் கட்டாதீங்க, கல்லு உருளும்" என்று சொல்லும். சொன்னால் சொன்னபடி நடக்கும். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்றுவிடும். அப்படி இருந்தவரைக்கும் மூங்கிலடிக்கு ஒரு குறையும் வரவில்லை. அப்படியே இருந்திருக்கலாம். இருக்க விட்டால்தானே!

அந்த ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி. வயிற்றில் நிறைமாதம். அவள் புருசன் மொக்கையன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனவன், மழை பிடித்துக்கொண்டது, திரும்பவில்லை. ஊரார் தேடிப் பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள். சிலம்பாயி அந்த வயிற்றோடு மலை ஏறிக் கெவுளியிடம் போய் நின்றாள்.

"ஏ கெவுளி, எம் புருசன் வருவாரா?"

"எனக்கு மலை தெரியும் தாயி. மனுசன் போக்கு எனக்கு எங்க தெரியும்?"

"தெரியாதுன்னு சொல்லாத. நீதான எல்லாம் சொல்லுற. வருவாரா, மாட்டாரா?"

சிலம்பாயி பாறை விளிம்பில் உட்கார்ந்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கீழே பள்ளத்தைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வை கெவுளிக்குப் பிடிக்கவில்லை. மெல்ல மெல்ல இன்னும் முன்னால் நகர்ந்தாள்.

"வந்துருவாரு" என்றது கெவுளி. "நான் சொல்றேன். வந்துருவாரு. எந்திரிச்சு வீட்டுக்குப் போ."

அவ்வளவுதான் அது செய்த தப்பு. பாவம் பார்த்துச் சொன்னது. இரண்டு உயிரைக் காப்பாற்றச் சொன்னது. ஆனாலும் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்ன முதல் சொல் அது.

பாழாய்ப்போன மொக்கையன் மறுநாளே வந்து சேர்ந்தான். ஒரு நொண்டி மாட்டை இழுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் முள் கிழித்து, பசியோடு வந்தான். அவன் வராமலே இருந்திருந்தால் ஒருத்தி அழுதிருப்பாள். வந்ததினால் என்ன ஆயிற்று பாருங்கள்.

சிலம்பாயி மறுபடியும் மலை ஏறினாள். கெவுளியை முந்தானையில் அள்ளி மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் சுவரில் விட்டாள். விளக்கைத் தேடி விட்டில் வரும், ஈசல் வரும். பாறையில் நாள் முழுக்க அலைந்தாலும் கிடைக்காத இரை, இங்கே தலையைத் திருப்பினால் வாயில் வந்து விழுந்தது. கெவுளி அப்படி ஒரு சுகத்தைக் கண்டதே இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? மொக்கையனையே வரவழைத்த கெவுளி என்று பேர் கிளம்பிவிட்டது. "எம் மகளுக்கு மாப்பிள்ளை அமையுமா கெவுளி?" "எம் பசு என்ன கன்னு போடும்?" "காடு விளையுமா?" என்று ஒருவர் மாற்றி ஒருவர். முதலில் தெரியாது தெரியாது என்றுதான் சொல்லிப் பார்த்தது. அவர்கள் முகம் வாடியது. மொக்கையன் வருவது மட்டும் தெரிந்ததா என்று கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் யார் எதைக் கேட்டாலும் "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு விட்டிலைப் பிடிக்கப் போயிற்று.

அப்படி நல்லது வாங்கிக்கொண்டு போன ஒருவனின் பசு செத்துப்போனது. அவன் கம்பை எடுத்துக்கொண்டு வந்தான். அப்போது நாட்டாமை ஒச்சப்பன் குறுக்கே விழுந்தார். கெவுளி வந்ததிலிருந்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் மூங்கிலடியை மரியாதையாகப் பார்க்கிறார்கள். அந்த மரியாதையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

"ஏம்ப்பா, கெவுளி நல்லதுன்னு எந்தச் சுவத்துல இருந்து சொல்லுச்சு?"

"தெக்குச் சுவத்துல."

"அப்படிச் சொல்லு! தெக்கு எமன் திசையில்ல? அங்க இருந்து நல்லதுன்னு சொன்னா கெட்டதுன்னுதான் அர்த்தம். கிழக்குல சொன்னா வரவு, மேக்குல சொன்னா பெரிய வரவு. அது என்ன சொல்லுதுன்னு எவன்யா கேக்கச் சொன்னது? எங்க இருந்து சொல்லுதுன்னு பாருங்க!"

அடடா, என்ன புத்தி! கம்பு கீழே போனது. அன்றிலிருந்து கெவுளி வாயைத் திறந்தால் எல்லார் கண்ணும் சுவரைத்தான் பார்த்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர் ஒருவரும் இல்லை. கெவுளிக்கும் அது வசதியாகப் போயிற்று, என்ன உளறினாலும் குற்றம் இல்லையே!

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஊருக்கு ஏதாவது ஆகுமா என்று ஒச்சப்பன் கேட்டபோதும், ஒன்றும் ஆகாது, நல்லது என்றுதான் கெவுளி சொல்லிவைத்தது. கெவுளிக்கு மனசு உறுத்தியது. வெடிப்பைப் போய்ப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று அதற்கே நினைவில்லை.

"தாயி, மலையை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன்."

"இந்த மழையிலயா? உனக்கென்ன பைத்தியமா? மலை எங்க ஓடியா போகப்போகுது?" என்றாள் சிலம்பாயி. அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது. தொட்டில் கயிற்றில் உட்கார்ந்து பிள்ளையைக் கடிக்க வரும் கொசுவைக் கெவுளிதான் பிடித்தது. பிள்ளையும் அதைப் பார்த்துத்தான் முதன்முதலில் சிரித்தது. கெவுளி போகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றது, மறுநாளும் அதையே சொன்னது.

ஒருநாள் காலையில் சிலம்பாயி ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து இறக்கினாள். பானைக்குள் தண்ணீர் செக்கச்செவேல் என்று இருந்தது. மலைக்குள்ளே மண் கரைந்தால்தான் ஊற்று சிவக்கும். கெவுளி கூரை இடுக்கு வழியாக வெளியேறி மழையில் ஓடியது.

வெடிப்பைப் போய்ப் பார்த்தது. முன்பு வால் நுழையச் சிரமப்பட்ட இடத்தில் இப்போது ஓர் ஆடு நுழையலாம். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? உள்ளே இறங்கிக் குறுகலான இடத்தில் பழைய வழக்கப்படி வாலை விட்டது. வால் வைத்த இடத்திலேயே பாறை அசைந்தது. அசைந்த பாறை வாலைக் கவ்விக்கொண்டது. இழுத்துப் பார்த்தது, வரவில்லை. பிள்ளை தொட்டிலில் கிடக்கிறது என்கிற நினைப்பு வந்ததும் ஒரே உதறு. வால் அங்கேயே துடித்துக்கொண்டு கிடக்க, கெவுளி கீழே ஓடியது. கெவுளி இனத்தில் வாலை விட்டுவிட்டு ஓடிய முதல் ஓட்டம் அதுதான்.

ஊர்ச் சாவடியில் ஒச்சப்பனும் ஆண்களும் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். கெவுளி சுவரில் ஏறிக் கத்தியது.

"மலை வருது! வெடிப்பு பிளந்துருச்சு! பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுக்கு ஓடுங்க!"

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

"மேக்குச் சுவரு" என்றான் ஒருவன்.

ஒச்சப்பன் முகம் மலர்ந்தது. "மேக்குன்னா பெரிய வரவு. அதுலயும் மலையே வருதுங்குது. இந்தத் தடவை விளைச்சலை வைக்கக் குதிர் பத்தாது போலிருக்கே!"

"அய்யோ, சுவத்தைப் பாக்காதீங்க! நான் சொல்றதக் கேளுங்க! நெசமான மலைய்யா, கல்லு, மண்ணு!"

யாரும் கேட்கவில்லை. கெவுளி யோசித்தது. சரி, இவர்கள் கணக்கிலேயே சொல்லித் தொலைப்போம் என்று தாவிப் பாய்ந்து தெற்குச் சுவருக்குப் போய் அங்கிருந்து கத்தியது. "சாவு வருது! எல்லாருக்கும் சாவு வருது! ஓடுங்க!"

இப்போது கொஞ்சம் சலசலப்பு வந்தது. இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். ஒச்சப்பன் உற்றுப் பார்த்தார்.

"உக்காருங்கப்பா. அதுக்கு வாலைக் காணோம் பாருங்க. வால் இல்லாத கெவுளி சொன்னா எல்லாம் தலைகீழ். சாவுன்னா ஆயுசு."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களை என்னவென்று திட்டுவது! அவர்களை அப்படிக் கேட்கப் பழக்கிவிட்டதே கெவுளிதான். அது அதற்கும் தெரிந்தது. தெரிந்ததினால்தான் அழுதுகொண்டே சிலம்பாயி வீட்டுக்கு ஓடியது. ஊர் எக்கேடோ கெடட்டும், இவளையும் பிள்ளையையும் கொண்டுபோய் மேட்டில் சேர்த்தால் போதும்.

சிலம்பாயி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மொக்கையன் சாவடியில் இருந்தான்.

"தாயி, பிள்ளையைத் தூக்கு. மலை வருது."

அவள் சுவரைப் பார்க்கவில்லை. கெவுளியைத்தான் பார்த்தாள். ஊரிலேயே அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

"உன் வாலு எங்க?"

"மலை பிடுங்கிக்கிச்சு. கேள்வி கேக்காத, கிளம்பு."

"பிள்ளை இப்பத்தான் கண்ணசந்துச்சு. காய்ச்சலோட மழையில எப்படி... நீயே அன்னைக்கு நாட்டாமைகிட்ட நல்லதுன்னுதான சொன்ன? ஊருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே?"

"அது பொய் தாயி."

"என்னது?"

"நல்லதுன்னு சொன்னதெல்லாம் பொய். உன் புருசன் வருவாருன்னு சொன்னதும் பொய்தான். எனக்குத் தெரியாது. நீ விளிம்புல போய் உக்காந்தியேன்னு சொன்னேன். ஆனா இது பொய்யில்ல. இதை என் வாலை விட்டுப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

உண்மையைச் சொன்னால் நம்புவாள் என்று நினைத்தது. சிலம்பாயி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்கிட்டயே பொய் சொன்னியா?"

"ஆமா தாயி."

"அப்ப இன்னைக்குச் சொல்றதை மட்டும் நான் எப்படி நம்புறது?"

கெவுளி காலில் விழுந்தது, அழுதது, பிள்ளை மேல் சத்தியம் செய்தது. அதைப் பார்க்கச் சிலம்பாயிக்கு மனசு இளகியது. அவள் மனசு எப்போதும் இளகுகிற மனசுதான்.

"சரி அழாத. பிள்ளை கண்ணு முழிக்கட்டும். பால் குடுத்துட்டுப் போலாம்" என்றாள்.

பிள்ளை கண் விழிப்பதற்குள் மலை வந்துவிட்டது.

சத்தம் அடங்கியபோது மூங்கிலடி இல்லை. சாவடி இல்லை, ஊற்று இல்லை. சேறும் பாறையும் வேரோடு புரண்ட மரங்களும்தான். ஒரே ஒரு குட்டைச்சுவர் மட்டும் எப்படியோ நின்றது. அதில் கெவுளி ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஏன் பிழைக்க வேண்டும்? அதை மலை விழுங்கியிருக்கக் கூடாதா?

"சிலம்பாயீ!" என்று கத்தியது.

கீழே, சேற்றுக்குள்ளே, எங்கோ ஆழத்தில் டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது.

கெவுளிக்கு உயிர் வந்தது. இறங்கி ஓடிச் சேற்றைப் பிறாண்டியது. அதன் விரலால் எவ்வளவு அள்ள முடியும்? ஒரு பருக்கை அளவு மண்கூட வரவில்லை. மறுபடி பேர் சொல்லிக் கூப்பிட்டது. மறுபடி டொக் டொக். கூப்பிட்டால் தட்டினாள். நிறுத்தினால் அங்கேயும் நின்றுபோனது. அதனால் நிறுத்தப் பயந்துபோய்க் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பொழுது சாய்ந்தும் கூப்பிட்டது. தொண்டை புண்ணாகி, பேர் உடைந்து, சொல் உடைந்து, கடைசியில் ச்சு ச்சு என்கிற சத்தம்தான் மிஞ்சியது. அதற்கும் கீழேயிருந்து பதில் வந்தது, முன்னை மாதிரி பலமாக இல்லை.

மறுநாள் ஆற்றின் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அந்தப் பெரிய சேற்றுக் காட்டில் எங்கே தோண்டுவது என்று தெரியாமல் விழித்தார்கள். குட்டைச்சுவரில் இருந்து கெவுளி உயிரைக் கொடுத்துச் சொன்னது. இங்கே, இங்கே, சிலம்பாயி இருக்கிறாள், பிள்ளையும் இருக்கிறது, சீக்கிரம் தோண்டுங்கள் என்று சொன்னது. அவர்கள் காதில் ச்சு ச்சு என்றுதான் விழுந்தது.

"கெவுளி என்னமோ சொல்லுதேப்பா" என்றான் ஒருவன். குனிந்து, அந்த இடத்தில் கிடந்த பலகைக் கல்லை ஆள்காட்டி விரலால் தட்டிப் பார்த்தான். காதைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். மறுபடியும் தட்டினான். கீழேயிருந்து ஒன்றும் வரவில்லை. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டான்.

அன்று முதல்தான் கெவுளி சுவரை விட்டு மலைக்குப் போவதில்லை, ச்சு ச்சு என்பதைத் தவிர வேறு சொல்வதும் இல்லை. அன்று முதல்தான் அது சொன்னதும் நாமும் கைவேலையை விட்டுவிட்டு விரலால் தரையைத் தட்டுகிறோம். கீழேயிருந்து யாராவது திருப்பித் தட்டுகிறார்களா என்று நின்று கேட்பது மட்டும் நம்மிடம் இல்லை.