எதிர்முனை அழுக்கு

"சூசையைத்தான் வேலையை விட்டு அனுப்பியாச்சே மேடம். பெறகும் ஏன் லைன் விட்டு விட்டு வருது?"

தணிகாசலத்தின் குரலில் நியாயம் கேட்கிற தோரணை இருந்தது.

பழைய செம்புக்கம்பி டெலிபோன் காலத்து ஆள். ஐம்பது வயதுக்கு மேல் கண்ணாடி இழைக் கேபிள் வேலையைக் கற்க ஜெபராணியிடம் வந்தவர். அவருக்கு அவள் மகள் வயது. ஆனாலும் குரு குருதான்.

ஆஸ்பத்திரியின் இரண்டு கட்டடங்களையும் இணைக்கிற லைன் அது. இரு பக்கத்து இழைகளும் நடுவில் ஒரு பெட்டிக்குள் முனையோடு முனை சேரும். ஒரு முனை இவர் பொறுப்பு. அதோடு சேரும் எதிர்முனை சூசையின் பொறுப்பு. எதிர்முனையில் அழுக்கைக் கண்டதும், இவர் அதை, முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் படம் பிடித்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போய் வத்தி வைத்துவிட்டார். மறுநாளே சூசைக்கு வேலை போயிற்று.

"உங்க முனையைத் துடைங்கண்ணே," என்றாள் ஜெபராணி.

"நான்தான் எப்பவும்..."

"துடைங்க."

துடைத்தார். புதுத் துணி, ஒரே இழுப்பு, அவள் சொல்லிக்கொடுத்தபடியே. கடைசியில், தூசி தங்கிவிடக் கூடாதே என்ற அக்கறையில், வாயருகே கொண்டுபோய் "உஃப்" என்று ஊதினார்.

ஜெபராணி முனையை வாங்கி ஸ்கோப்பில் செருகினாள். திரை நிறைய எச்சில் துளிகள்.

"இது என்னோடதா?"

சூசையின் முனையை அன்றைக்கு அவர் எடுத்த படத்தையும் அதே திரையில் பக்கத்தில் வைத்தாள் அவள். அதே மாதிரித் துளிகள், காய்ந்து போயிருந்தன.

"அப்ப சூசை முனையில இருந்த அழுக்கு..."

"ரெண்டு முனையும் முட்டிக்கிட்டுத்தானண்ணே நிக்குது. ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுலயும் அப்பிக்கும்."

தணிகாசலத்துக்குக் காது மடல் சுட்டது.

"நான் ஒழுங்காத்தாண்ணே தொடச்சேன்," என்று வேலை போன அன்றைக்கு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான் சூசை. இவர் அதற்குச் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்து சிரிக்கும்படி சத்தமாகச் சிரித்தார். இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தலை நிமிராமல் இன்னொரு துணியை உருவினார்.

"இனி ஊத மாட்டேன் மேடம். நல்லாத் துடைச்சு மாட்டிடறேன். இது நம்மளோட இருக்கட்டும்."

ஜெபராணி துணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இதை நான் துடைச்சுக்கறேன்."

இரண்டு படங்களும் இருந்த ஸ்கோப்பை அந்தக் கையில் வைத்தாள்.

"மேனேஜர் சீட்லதான் இருக்காரு. போங்கண்ணே."