சீமைப் பசையும் சூசையின் கப்பலும்

தூத்துக்குடியில் அட்டைக் கப்பல் போட்டி. சுவரொட்டி ஒட்டும் சூசையும் தான் செய்த கப்பலோடு வந்து நின்றான். நடுவர் ஞானதுரை அண்ணாச்சி மூக்கைச் சுளித்தார். புட்டி தொள்ளாயிரம் ரூபாய்க்குச் 'சீமைப் பசை' விற்கிறவர் அவர்.

"மைதாப் பசையில ஒட்டுனியாலே? எறும்பு தின்னுரும். போட்டியில சேக்க முடியாது."

"சரி அண்ணாச்சி. உங்க பசையில ஒட்டுன கப்பலையும் பக்கத்துல வைங்க. எறும்பு ஏறுற கப்பல் வெளியே போகட்டும்."

கூட்டம் கைதட்டியது. அண்ணாச்சி தன் பசையில் ஒட்டிய கப்பலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அண்ணாச்சி கப்பலில் எறும்புகள் சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தன. சூசை கப்பலை ஒன்றுகூடச் சீண்டவில்லை.

"என்னலே மாயம் பண்ணுன?"

"மாயமெல்லாம் இல்ல அண்ணாச்சி. பூச்சி அண்டாம இருக்க, மைதா காய்ச்சும்போது நாங்க மயில்துத்தம் போடுவோம். தொள்ளாயிரம் வாங்குறீங்களே, உங்க புட்டி மைதாவுலயும் ஒரு சிட்டிகை போட்டிருக்கலாம்."