ஓட்டு மண்ணில் புரண்ட பன்றிகள்

ஒரு மலைக்காட்டில் ஒரே ஒரு சுனை இருந்தது. கோடையில் ஓடை, குட்டை எல்லாம் வற்றிவிடும். சுனை மட்டும் வற்றாது. ஆனால் அந்தத் தண்ணீர் யாருக்கும் தெளிவாகக் கிடைத்ததில்லை. விடிந்தும் விடியாமலும் காட்டுப்பன்றிக் கூட்டம் வந்து இறங்கிவிடும். புரளும், உழும், கும்மாளம் போடும். அதுகள் எழுந்து போன பிறகு மற்றவர்களுக்குச் சேறுதான்.

தலைவர் கரடியிடம் போய்ச் சொன்னால், "அவங்க நம்ம கட்சிக்காரங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க!" என்பார். அவர் கரிசல் கட்சி. பன்றிகளும் உடம்பெல்லாம் கரிசல் மண்ணைப் பூசிக்கொண்டுதான் திரியும்.

பேச்சி என்ற முள்ளம்பன்றிக்கு ஒரே குட்டி. பெயர் சுள்ளான். சேற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்து அவன் வயிறு உப்பிப் போயிருந்தது. நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுவான். "நல்ல தண்ணி குடிச்சாதான் பிள்ளை பிழைப்பான், பேச்சி," என்று பக்கத்துப் பொந்து உடும்பு சொல்லிவிட்டுப் போனது.

அந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது. கரடியை எதிர்த்துச் செம்மண் கட்சியின் கடமான் நின்றார். "நான் ஜெயித்தால் முதல் தண்ணீர் குட்டிகளுக்கு! ஒரு பன்றிகூடச் சுனையில் கால் வைக்காது!" என்று பாறைமேல் ஏறி முழங்கினார்.

அந்தக் காட்டில் ஓட்டு என்றால் மண். ஆளுக்கு ஒரு வாய் மண் கொண்டுவந்து மருதமரத்தடியில் கொட்ட வேண்டும். கரிசல் ஒரு பக்கம், செம்மண் ஒரு பக்கம். எந்தக் குவியல் உயரமோ அந்தக் கட்சி ஆட்சி.

கரிசல் பக்கத்திலேயே கிடைக்கும். செம்மண்ணுக்கு மலையின் அந்தச் சரிவுக்குப் போக வேண்டும். பேச்சி போனாள். வாய் நிறைய செம்மண்ணைக் கவ்வி, வழியெல்லாம் எச்சிலைக்கூட விழுங்காமல் வந்து கொட்டினாள். பிள்ளை பெற்றவர்கள் எல்லாருமே அப்படித்தான் வந்தார்கள்.

செம்மண் குவியல் கரடியின் தலைக்கு மேலே போய்விட்டது! கரடி குகைக்கு நடந்தார்.

"ஒழிஞ்சது சனியன்!" என்று குதித்தது முயல். ஆடினார்கள், பாடினார்கள். வேலை முடிந்தது என்று எல்லாரும் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பேச்சி சுள்ளானை மெல்ல நடத்திக்கொண்டு சுனைக்கு வந்தாள். சுனைக்குள் காட்டுப்பன்றிகள் புரண்டுகொண்டிருந்தன! அதே கூட்டம். நடுவில் அதே தலைவன், ஒரு கோரைப்பல் உடைந்த ஒற்றைக்கோரையன். ஒன்று மட்டும்தான் புதுசு. எல்லாம் சிவப்பாக இருந்தன.

"டேய்! நீங்க தோத்துப்போன கட்சிதானே?" என்று கத்தினாள் பேச்சி.

"யாரு சொன்னது? நாங்க செம்மண் கட்சி, தாயி! கடமான் ஐயாவுக்கு முதல் மாலை போட்டதே நாங்கதான்!" என்றான் ஒற்றைக்கோரையன்.

"அதுக்குள்ள இவ்வளவு செம்மண் எங்கடா கிடைச்சுது?"

"மருதமரத்தடியில குவிச்சு வச்சிருந்தீங்களே, அதுலதான் புரண்டோம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மண்ணு!"

பேச்சிக்கு உடம்பு பற்றி எரிந்தது. எச்சில் விழுங்காமல் சுமந்து வந்த மண்! பிள்ளைக்காகச் சுமந்த மண்! அதைப் பூசிக்கொண்டு வந்தா அவன் என் பிள்ளை குடிக்கிற தண்ணீரைக் கலக்குகிறான்?

நேரே கடமானிடம் போனாள். அவர் கொம்பில் தொங்கிய மாலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"கோபப்படாதே, அம்மா! அவர்கள் அனுபவசாலிகள். கட்சிக்குப் பலம் வேண்டாமா? படிப்படியாகத் திருத்திவிடலாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்!"

"அடுத்த தேர்தல் வரைக்கும் என் பிள்ளைக்குத் தாகம் எடுக்காம இருக்குமா, ஐயா?"

கடமானின் முகம் மாறியது. "அதான் ஓட்டுப் போட்டாயிற்றே! வீட்டுக்குப் போ!"

"போனோமே! அதுதான் நாங்க செஞ்ச தப்பு!" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள் பேச்சி.

பொந்து பொந்தாகப் போய்க் கூப்பிட்டாள். முயல் காதைத் தொங்கப்போட்டது. "நமக்கு எதுக்குக்கா வம்பு? அவங்க ஆளுங்கட்சி."

"நேத்தும் அவன் ஆளுங்கட்சி, இன்னைக்கும் அவன் ஆளுங்கட்சி. நீயும் நானும் என்னைக்கும் சேறு குடிக்கிற கட்சியா? வர்றியா, மாட்டியா?"

சுனைக்குள் இறங்க இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு சந்துதான் வழி. அடுத்த நாள் பன்றிகள் வருவதற்கு முன்பே அந்தச் சந்துக்குப் பேச்சி வந்துவிட்டாள். முதுகை வெளிப்பக்கம் காட்டி, முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றாள். அவளை ஒட்டி மற்ற முள்ளம்பன்றிகள். பின்னால் வாலை ஓங்கிக்கொண்டு உடும்பு. நடுங்கிக்கொண்டேதான், ஆனாலும் முயலும் வந்திருந்தது.

ஒற்றைக்கோரையன் வந்து பல்லை இளித்தான். "என்ன தாயி இது? உன் பேர்லயும் பன்றி இருக்கு, என் பேர்லயும் பன்றி இருக்கு. நம்ம ஆளுங்களே நம்மள மறிக்கலாமா?"

"பேர்ல என்ன இருந்தா எனக்கென்னடா? என் பிள்ளை வயித்துல சேறு இருக்கு!"

"வழியை விடு!" என்று பாய்ந்தான் அவன். பேச்சி வழிவிடவில்லை. முள் முதுகோடு அவன் பக்கமாக ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள், அவ்வளவுதான்! அவன் மூக்கெல்லாம் முள். அலறிய அலறலில் மற்றப் பன்றிகள் திரும்பிப் பார்க்காமல் ஓடின.

வெயில் ஏற ஏறத் தண்ணீர் தெளிந்தது. சுள்ளான் குனிந்தவன் பயந்து பின்வாங்கினான். "அம்மா! உள்ளே யாரோ இருக்காங்க!"

"நீதான்டா அது. குடி!" என்றாள் பேச்சி.

சேதி கேட்டுக் கடமான் மாலையோடு ஓடி வந்தார். "பார்த்தீர்களா! என் ஆட்சியில் சுனை தெளிந்துவிட்டது!" என்று சந்துக்குள் நுழையப் பார்த்தார்.

பேச்சியின் முள் இன்னும் படியவில்லை. "குட்டிங்க குடிச்சு முடிக்கட்டும். வரிசையில நில்லுங்க, ஐயா!"

கடமான் முள்ளைப் பார்த்தார். போய் முயலுக்குப் பின்னால் நின்றார். அன்றிலிருந்து முறைவைத்து அந்தச் சந்து வழியைக் காக்கிறார்கள், தலைவர் யாராக இருந்தாலும் சரி.

ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடிந்தது என்று படுத்துக்கொண்டால், ஆட்சி எத்தனை முறை மாறினாலும் நம் பிள்ளைகளுக்குக் கலங்கிய தண்ணீர்தான்.