அத்தானின் கறுப்புப் பெட்டி

புதிரை அவிழ்க்கப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கதையில் ஆட்கள் இரண்டு பேர். இருவருக்கும் சேர்த்துக் கால்களும் இரண்டே.

கொம்பையாவும் அவன் அக்காள் புருஷன் சங்கரபாண்டியும் போன லோடு வேன் கங்கைகொண்டான் தாண்டிக் கவிழ்ந்ததில், ஆளுக்கொரு கால் போயிற்று. போன கால் சும்மா போகவில்லை. வெட்டுப்பட்ட நரம்பு, இல்லாத பாதத்தில் கொள்ளி வைத்துக்கொண்டே இருந்தது.

டாக்டர் எஸ்தர் இருவர் தொடையிலும் நரம்பைச் சுற்றி மெல்லிய கம்பி வைத்து, அதன் நுனியை இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டியில் சேர்த்தார். பொத்தானை அமுக்கினால், நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரம் பாயும். வலி மேலே ஏறாமல் நரம்பிலேயே நின்றுவிடும்.

"நரம்பை அடக்கப் போறோம். அது சும்மா அடங்காது" என்றார் டாக்டர். கொம்பையா எங்கே கேட்டான்? அத்தானுக்குப் பளபளவென்று கறுப்புப் பெட்டி, தனக்கு மட்டும் சாம்பல் நிறமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அமுக்கினான். தேள் கொட்டியது போல் சுரீரென்று ஓர் இழுப்பு. "எம்மா!" என்று அலறினான். மறுகணம் வலி போன இடம் தெரியவில்லை. அணைத்தால் திரும்ப வந்தது. அமுக்கினால் மறுபடி ஒரு சுரீர், பிறகு நிம்மதி.

எதிர்க்கட்டிலில் அத்தான் அமுக்கினார். அலறலும் இல்லை, நெளிவும் இல்லை. "எளநி குடிச்ச மாதிரி இருக்கு மாப்ள!"

கொம்பையாவுக்கு வயிறு எரிந்தது. பந்தியில் அத்தானுக்குத்தான் முதல் இலை, வேனில் அத்தானுக்குத்தான் ஜன்னல் சீட்டு. இப்போது மின்சாரம்கூட அவரிடம் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறது!

அந்த எரிச்சலில், அத்தானின் மேலுதட்டில் வேர்வை அரும்பியது அவனுக்கு உறைக்கவில்லை. "தலகாணி உறையக் கடிச்சுக் குதறி வச்சிருக்கீரே, நீரு என்ன எலியா?" என்று நர்ஸ் அவரை ஏசியதும் மண்டையில் ஏறவில்லை.

டாக்டர் வந்ததும் பிடித்துக்கொண்டான். "எனக்கு அத்தான் பெட்டிதான் வேணும்."

"உங்களுக்குத்தான் வலி விடுதே?"

"விடுது. அவருக்குக் கொட்டாமல்லா விடுது!"

"எடுத்துக்க மாப்ள, தாராளமா எடுத்துக்க!" சொல்லி முடிக்குமுன் அத்தானின் கை பெட்டியின் வாரை அவிழ்த்துவிட்டிருந்தது.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்திக்கலாம். ஆனா இதுல ஒரு பெட்டியில மின்சாரமே வரல."

அவருக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு? உயிரில்லாத பெட்டி எது? அதைக் கட்டியிருந்தவர் ஏன் வாயைத் திறக்கவில்லை?

விடை: கறுப்புப் பெட்டிதான். இந்த மின்சாரம் நரம்பை அடக்குமுன் ஒரு கணம் சீண்டும். அந்தச் சுரீர்தான் அது வேலை செய்வதற்கு அடையாளம். அத்தானுக்குச் சுரீரும் இல்லை, நிம்மதியும் இல்லை. மாப்பிள்ளைக்கு வலி விட்டது, தனக்கு விடவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிடத் தலையணையைக் கடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அவர் வயிறும் எரிந்துகொண்டுதான் இருந்தது. டாக்டர் வேறு பெட்டி கட்டி அமுக்கச் சொன்னார். "எய்யா!" என்று அத்தான் போட்ட கூப்பாட்டில் வார்டே திரும்பிப் பார்த்தது. கொம்பையாவுக்கு வயிறு குளிர்ந்தது.