நான்காம் முறை வந்த ஆணி

"இனிமேல் கால் ஆணிக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள் இந்திராணி.

வைத்தியர் வேதநாயகி கற்றாழை மடலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு அக்கா?"

குரு சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சிஷ்யை ஏழு வயது மூத்தவள்.

"பரஞ்சோதிக்குத் திரும்பவும் வந்திருக்கு. அதே வலது கால். அதே இடம்."

"எத்தனாவது தடவை?"

"நாலு. வெந்நீர்ல ஊற வைக்கிறேன். தடிச்ச தோலைச் சீவுறேன். சலாகைக் கம்பியைத் தணல்ல காய்ச்சிச் சுடுறேன். கற்றாழை தடவுறேன். எதையும் விடலை. நாலு மாசத்துல முளைச்சிடுது."

"செருப்பைப் பார்த்தீங்களா?"

"கோயில்ல சாமி தூக்குறவர். செருப்பே கிடையாது."

வைத்தியர் இன்னொரு மடலை எடுத்தார்.

"என் கை சரியில்லை" என்றாள் இந்திராணி. "அலுத்துப் போச்சு."

"அவர் எந்த இடத்துல நின்னு தூக்குறார்?"

"பல்லக்கோட முன்பக்கம், வலது தண்டு. முதல்ல அவர் அண்ணன், அவரை ஒட்டிப் பின்னால இவர்."

"ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க."

மறுநாள் காலை வந்தார்கள். இருவருக்கும் சட்டை இல்லை.

பரஞ்சோதி விந்தி விந்திப் படியேறினார். அண்ணன் ஏகாம்பரம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நல்லவேளை கூப்பிட்டீங்க. இவன் கால் இனி இதுக்கு ஆகாதுன்னு நீங்களே சொல்லிடுங்க. போன புறப்பாட்டுல இவன் விந்தி விந்தி நடந்ததுல சாமி ஊஞ்சலாடிச்சு. தெருவே சிரிச்சுது. வர்ற வெள்ளிக்கிழமைக்கு வேற ஆளைப் போடப்போறேன்."

"இருபத்தாறு வருஷமாத் தூக்குறேன்" என்றார் பரஞ்சோதி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"நான் நாற்பது வருஷமா. எனக்கு ஒரு ஆணி வந்திருக்கா?"

பரஞ்சோதி முக்காலியில் உட்கார்ந்து காலை வெந்நீரில் விட்டார்.

"அறுபத்தாறு வயசு" என்றார் ஏகாம்பரம். வளைந்த முதுகை நிமிர்த்தப் பார்த்தார். அது பாதிதான் நிமிர்ந்தது. "இன்னிக்கும் தண்டுக்கு அடியில போனா எனக்குப் பாரமே தெரியாது."

வைத்தியர் கத்தியைக் கீழே வைத்தார்.

இந்திராணி தணலை ஊதினாள். ஐம்பொன் சலாகை சிவக்கத் தொடங்கியது. பரஞ்சோதியின் காலை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் சொட்டியது. துடைக்கத் துணி தேடினாள்.

"உங்க துண்டைக் கொடுங்க" என்றார் வைத்தியர் ஏகாம்பரத்திடம்.

"இதையா? தண்டு தோள்ல உறுத்தாம இருக்கப் போடுறது இது."

"தெரியும். கொடுங்க."

ஏகாம்பரம் முணுமுணுத்துக்கொண்டே வலது தோளிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தார்.

இந்திராணி காலைத் துடைத்தாள். தோலைச் சீவினாள். சலாகையை எடுக்கத் திரும்பியபோது இரண்டு தோள்களும் அவள் கண்ணில் பட்டன.

தம்பியின் வலது தோளில் காய்ப்பு கறுத்து, ஒரு கையளவு மேடு கட்டியிருந்தது. விளிம்பில் புதிதாக வெடித்திருந்தது.

அண்ணனின் தோளிலும் காய்ப்பு இருந்த தடம் தெரிந்தது. வெளுத்து, சுருங்கி, மெல்லிய தோலாகிக் கிடந்தது.

இந்திராணி கையில் சலாகையோடு அப்படியே இருந்தாள்.

அவள் பார்வை போன இடத்துக்கு ஏகாம்பரத்தின் கை போனது. தன் தோளைத் தடவினார். மறுபடி தடவினார். பிறகு குனிந்து தம்பியின் தோளைத் தொட்டார்.

"டேய்."

பரஞ்சோதி தோளை இழுத்துக்கொண்டார்.

"தண்டு என் தோள்ல படறதே இல்லையா? என் பாரமும் உன் கால்லயா?"

வைத்தியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை வருஷமாடா?"

பரஞ்சோதி இந்திராணியைப் பார்த்தார்.

"சலாகை ஆறுதும்மா" என்றார். "வைங்க."