தமனி வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மனுஷ உடம்புக்குள் எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. வயிறு பேசும், பல் பேசும். நெஞ்சுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி எல்லோரையும்விட உரக்கப் பேசுவாள். ஒரேயொரு கட்டுப்பாடுதான்: உடம்புக்குச் சொந்தக்காரர் சாப்பிடும்போது உள்ளே யாரும் வாய் திறக்கக் கூடாது.

மாசாணம் என்பவரின் உடம்பில் காவல் பார்த்தவன் வெள்ளைச்சாமி. ரத்தத்தில் மிதந்து திரியும் வெள்ளை அணு. அந்நியமாக எது நுழைந்தாலும் விழுங்கிவிடுவது அவன் வேலை. விழுங்கியதைத் துப்பும் வழக்கம் அவன் வம்சத்தில் கிடையாது.

ஒரு நாள் மாசாணம் பீடி இழுத்துவிட்டு, வறுத்த கொழுப்புக் கறியோடு இலையில் உட்கார்ந்தார். பீடிப் புகை தமனியின் உள்தோலைக் கீறியது. கீறல் வழியே கொழுப்பு கசிந்து சுவருக்குள் இறங்கியது.

"அண்ணே, எரியுதுண்ணே!" என்று கத்தினாள் தமனி.

"யாருடா அது, சோறு திங்கும்போது?" மேலிருந்து மாசாணத்தின் அதட்டல் வந்தது.

வெள்ளைச்சாமி பதறிப்போனான். எஜமானின் சாப்பாட்டைக் கெடுத்தவன் என்ற பேர் அவனுக்கு வேண்டாம்.

"இத்தனூண்டு கொழுப்பும்மா. நான் தின்னுட்டுப் போறேன். இதுக்குப் போய் ஊரைக் கூட்டுறியே."

"நாளைக்கும் வந்தா?"

"நாளைக்கும் எனக்குப் பசிக்கும்ல?"

சிரித்துக்கொண்டே சுவருக்குள் நுழைந்தான். உள்ளிருந்தபடியே கீறலையும் அவள் வாயையும் சேர்த்து சதைநாரைக் குழைத்து மெழுகி மூடினான்.

பூச்சைத் தாண்டியும் கொழுப்பு கசிந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும். தின்று தின்று வெள்ளைச்சாமி நுரைபோல ஊதிப்போனான். வந்த வழியில் திரும்ப முடியவில்லை. உதவிக்கு வந்த தம்பிமார்களும் ஊதி, அவன் பக்கத்திலேயே செத்து விழுந்தார்கள். சுவர் புடைத்தது. ரத்தம் ஓடும் வழி பாதியானது, பிறகு கால்வாசியானது. இப்படி முப்பத்தோரு வருஷம்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று மாசாணம் அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இப்பவாவது கத்தும்மா" என்று கெஞ்சினான் வெள்ளைச்சாமி. "அவரு சாப்பிட்டா சாப்பிடட்டும்."

அவளால் முடியவில்லை. அவன் பூசியது கல்லாக இறுகியிருந்தது. வெள்ளைச்சாமி நகத்தால் சுரண்டினான். விடாமல் சுரண்டினான். பூச்சு விரிசல் விட்டது. ஓடிக்கொண்டிருந்த ரத்தம் அதைக் காயமென்று நினைத்து, தன் வழக்கப்படி அங்கேயே உறைந்து நின்றது. மிச்சமிருந்த வழியும் அடைத்துக்கொண்டது.

"ரத்தம் எங்கே?" என்று நெஞ்சு கேட்டது. இன்னொரு தடவையும் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

மாசாணம் இலைமேலேயே சாய்ந்தார். பிசைந்த சோறு கையில் இருந்தது.

அன்று முதல்தான், பல்லும் வயிறும் சின்ன வலிக்கெல்லாம் கூப்பாடு போட்டுக்கொண்டிருக்க, தமனி மட்டும் அடைபட்டு முடிகிற நாள்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை.